டெமோவே போதும்

"ஆர்கெஸ்ட்ரா எல்லாம் வேணாம் சார். உங்க டெமோவே போதும். அப்படியே படத்துல போட்டுடலாம்" என்றார் தயாரிப்பாளர் போனில்.

இசையமைப்பாளருக்கு முதலில் காது அடைத்தது. பிறகு கண் சிவந்தது. கடைசியாக மூக்கு வழியாக 'உஸ்ஸ்' என்று காற்று வந்தது. இந்த 'உஸ்ஸ்'க்காகத்தான் தொழில் வட்டாரத்தில் அவருக்குக் குக்கர் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மூடி பறந்து வந்து தங்கள் மேல் விழும் என்று பயம்.

"டெமோன்னா என்ன சார்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் குக்கர்.

"என்ன சார்?"

"மாதிரி! வெறும் மாதிரி! துணிக்கடை வாசல்ல ஒரு பொம்மைக்குப் புடவை சுத்தி நிறுத்தியிருக்காங்க. புடவை பிடிச்சிருந்தா அதை வாங்கிட்டுப் போகணும். பொம்மையைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு நிக்கக் கூடாது!"

"பொம்மை ரொம்ப லட்சணமா இருக்கே சார்" என்றார் தயாரிப்பாளர் பரிதாபமாக.

குக்கர் போனைத் தூக்கி எறிந்தார். எறிவதற்கென்றே அந்த அறையில் ஒரு மெத்தை நாற்காலி இருந்தது. போன் அதில் விழுந்து, ஒருமுறை துள்ளி, வழக்கம்போல் பத்திரமாகப் படுத்துக்கொண்டது.

கோபத்தில் பெரிய கோபம் அவருக்கு அவர் மேலேயே இருந்தது. இந்த வினையை இழுத்து வைத்தவர் அவரேதான்.

ஒரு வயலின்காரரை உட்காரவைத்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, ஓங்கி, இழுத்து, வெட்டி என்று தனித்தனியாக வாசிக்க வைத்துப் பதிந்துவைத்திருப்பார்கள். சாம்பிள் என்று அதற்குப் பெயர். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்த வயலின்காரர் கம்ப்யூட்டருக்குள் இருந்து வாசிப்பார். செல்லோ, புல்லாங்குழல், ஹார்ன் எல்லாம் அப்படியே. ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவும் மேசைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் கிடக்கும். மற்ற இசையமைப்பாளர்கள் இதை வைத்து 'இப்படித்தான் இருக்கும்' என்று ஒப்புக்கு ஒரு டெமோ செய்து காட்டிவிட்டு, சம்மதம் கிடைத்ததும் நிஜ ஆட்களைக் கூப்பிடுவார்கள்.

குக்கர் ஒப்புக்கு எதையும் செய்கிற ஆள் இல்லை. பதினாறு வயலின்களும் ஒரே நேரத்தில் தொடங்கினால் அது அணிவகுப்பு, இசை இல்லை என்று சொல்லி, ஒன்றை மயிரிழை முந்தவிட்டார், இன்னொன்றைப் பிந்தவிட்டார். கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் சக்கரத்தை உருட்டி உருட்டி ஒவ்வொரு ஸ்வரத்தையும் எழுப்பினார், தணித்தார். வில் நரம்பில் உரசும் கரகரப்பைச் சேர்த்தார். பெரிய மண்டபத்தின் எதிரொலியைச் சேர்த்தார். நாற்காலி முனகுவதைக்கூடச் சேர்த்தார். கதாநாயகி ரயிலைத் தவறவிடும் கடைசிக் காட்சிக்கான இசை அது. கேட்டால் தயாரிப்பாளர் மயங்கிப்போய், 'எழுபது பேரை வெச்சு எடுத்துடலாம் சார்' என்று குதிப்பார் என்பது அவர் போட்ட கணக்கு. மயங்கினார். குதிக்கத்தான் இல்லை.

அந்த எழுபது பேரில் மூன்றாம் வரிசையில் வயோலா என்ற பெரிய வயலினை வாசிப்பவள் அவருடைய மனைவி.

"நான் பண்ற முதல் பெரிய படத்துக்கு உன் ஆர்கெஸ்ட்ராதான் வாசிக்கும்" என்று கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு வந்ததெல்லாம் சோப்பு விளம்பரமும் தொடர் நாடகமும்தான். எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெட்டியே வாசித்தது. இப்போதுதான் பெரிய படம் கிடைத்தது. ஆர்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டிய நோட்ஸ் எல்லாம் எழுதிக் கொடுத்து, அவர்கள் ஒத்திகையும் தொடங்கிவிட்டார்கள். இந்த நேரத்தில் 'டெமோவே போதும்' என்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பது?

வேறு முகம் இல்லாததால், எள்ளும் கொள்ளும் வெடிக்கும் அதே முகத்தோடு சமையலறைக்குப் போனார்.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்ததால் இடது கையால் நறுக்கினாள்.

"இன்னும் வலி போகலையா? பக்கெட்டத் தூக்காத, தூக்காதன்னு எத்தனை தடவை சொல்றது!"

"அது பக்கெட்டால வந்ததில்ல. விடுங்க. தயாரிப்பாளரா போன்ல?"

"ஆமா! ஆர்கெஸ்ட்ரா வேணாமாம். டெமோவே போதுமாம்!"

கத்தி நின்றது. அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அழறியா?" என்றார் குக்கர்.

"வெங்காயங்க."

"எனக்குத் தெரியாதா வெங்காயம்! யாருகிட்ட மறைக்கிற?"

"சொன்னாக் கேளுங்க. டெமோ நல்லாத்தானே இருக்கு? அவரே போதும்கிறார். நீங்க ஏன் மல்லுக்கு நிக்கணும்? பேசாம விட்டுடுங்க."

குக்கர் உருகிப்போனார். எப்பேர்ப்பட்ட மனசு! கையில் வந்தது தட்டிப்போகிறது, அப்போதும் புருஷனுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று விட்டுக்கொடுக்கிறாள்.

"விடுறதா? உன்னையும் அந்த எழுபது பேரையும் ஹால்ல உட்காரவெச்சு, நான் எழுதின ஒவ்வொரு ஸ்வரத்தையும் வாசிக்க வெக்காம ஓயமாட்டேன்!"

"ஐயோ, சபதமெல்லாம் எதுக்கு?" என்று பதறினாள் மனைவி. "அப்புறம், அந்த நோட்ஸ்ல..."

"நோட்ஸ்ல என்ன? உலகத்துல எவனாவது அப்படி எழுதியிருக்கானா?"

"இல்லங்க. யாரும் எழுதல" என்றாள் அவள். மறுபடி வெங்காயத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

முன்னறையிலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே சத்தம்?"

"சபதம் மாமா!"

"அப்ப சரி" என்று அவர் செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

டெமோ நன்றாக இருப்பதுதானே சிக்கல்? கெடுத்துவிட்டால் போயிற்று என்று குக்கருக்குத் தோன்றியது. கெட்டுப்போன டெமோவைக் கேட்டால் எந்த மடையனும் நிஜ ஆட்களைக் கூப்பிடத்தான் செய்வான்.

உட்கார்ந்தார். சக்கரத்தை உருட்டி உருட்டிச் செய்த ஏற்ற இறக்கங்களை எல்லாம் அழித்தார். முந்தியவை, பிந்தியவை எல்லாவற்றையும் பிடித்து ஒரே கோட்டில் நிறுத்தினார். வில் உரசலை எடுத்தார், மண்டபத்தை எடுத்தார், நாற்காலிகளை எடுத்தார். மிச்சமிருந்ததைக் கேட்டபோது பல் கூசியது. தையல் மெஷின் ஓடுவது போல இருந்தது. பெற்ற பிள்ளையைத் தானே அடிப்பது போல வலித்தாலும், 'சில திருத்தங்கள் செய்திருக்கிறேன்' என்று அனுப்பினார்.

போன் வந்தது.

"சார், என்ன துல்லியம் சார்! கடிகாரம் மாதிரி!"

"கடிகாரம் மாதிரிதான் சார் இருக்கு! அதுதான் கோளாறு! உயிரே இல்ல!"

"ரயில்வே ஸ்டேஷன் சீன்தானே சார்? கடிகாரம் மாதிரிதான் இருக்கணும். டெமோவே போதும் சார்."

போன் மெத்தை நாற்காலிக்குப் பறந்தது.

கஞ்சப் பிசினாறி! எழுபது பேரைக் கூப்பிட மனசில்லாமல் தையல் மெஷினுக்குத் தாளம் போடுகிறான். குக்கர் அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். இது போதாது. காது உள்ளவன் எவனும் தாங்க முடியாத அளவுக்குக் கெடுக்க வேண்டும்.

இந்த முறை சுருதியில் கை வைத்தார். பதினாறு வயலின்களையும் கூட்டுக்குடும்பத்துச் சகோதரர்கள் போல ஆளுக்கொரு பக்கம் இழுத்துவிட்டார். செல்லோக்கள் தாமதமாக வந்து, வந்ததற்கு வருத்தப்படுவது போல இழுத்தன. உச்சத்தில் ட்ரம்பெட் உடைந்தது. எடுத்த மண்டபத்தைத் திரும்ப வைத்தார், அபஸ்வரம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வரட்டும் என்று.

மாமனார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் பார்த்தார்.

"என்ன மாமா தேடுறீங்க?"

"நிறைய பேர் வந்திருக்காங்க போலிருக்கே மாப்ளே. எல்லாருக்கும் டீ போடச் சொல்லவா?"

"யாரும் வரல மாமா. கம்ப்யூட்டர்!"

"கம்ப்யூட்டரா? சும்மா இருங்க மாப்ளே. இவ்வளவு தப்பு மனுஷன்தான் பண்ணுவான்."

குக்கருக்கு அப்போதே ஒரு சந்தேகம் தட்டியது. ஆனாலும் அனுப்பிவிட்டார்.

"கண்ணீர் வந்துடுச்சு சார்" என்றார் தயாரிப்பாளர். குரல் தழுதழுத்தது. "இப்பதான் சார் உயிர் வந்திருக்கு!"

"அபஸ்வரம் சார் அது!"

"அவ ரயிலைத் தவறவிட்டுட்டு நிக்கறா சார். அவ மனசு அபஸ்வரமாத்தானே இருக்கும்?"

"ட்ரம்பெட் உடைஞ்சுபோச்சு சார்!"

"அவளும் உடைஞ்சுதான் சார் போயிட்டா!"

எதைச் சொன்னாலும் இந்த ஆள் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார். இவ்வளவு ரசனை இவருக்கு எங்கிருந்து வந்தது? போன மாதம் புல்லாங்குழலைக் கேட்டுவிட்டு, 'இந்த வயலின் நல்லா இருக்கே' என்றவர்தானே?

"முன்னாடியாவது இது கம்ப்யூட்டர்தானேன்னு ஒரு சின்ன உறுத்தல் இருந்துச்சு சார்" என்று முடித்தார் தயாரிப்பாளர். "இப்ப அதுவும் இல்ல. நிஜ ஆளுங்க வாசிச்சாலும் இப்படி வராது. டெமோவே போதும்."

குக்கர் தலையில் அடித்துக்கொண்டார். கெடுக்கப் போனால் கூடுதலாக நிஜமாகிறது. இருந்த கொஞ்ச வழியையும் அவரே அடைத்துவிட்டார்.

மனைவி கதவருகே நின்றிருந்தாள். "என்ன சொன்னார்?"

"பிரமாதமாம்!"

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக் குக்கர் பார்த்தார். சட்டென்று அதை அவள் துடைத்துக்கொண்டதையும் பார்த்தார். தன்னைத் தேற்றுவதற்காகச் சிரிக்கிறாள் என்று புரிந்துகொண்டார். கோபம் இரண்டு மடங்கானது.

"நல்ல மனுஷர்ங்க அவர்" என்றாள்.

"நல்ல மனுஷனா? உன் வாயில மண்ணைப் போடுறான், அவன் நல்ல மனுஷனா?"

"இப்ப எதுக்கு என்மேல பாயறீங்க? உங்களுக்குக் கோபம் வந்தா யாரு எதைச் சொல்றதுன்னே தெரியல. பயந்து பயந்து எல்லாத்தையும் சுத்தி வளைச்சு..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

"யாரு பயந்தது? எனக்கு எங்க கோபம் வருது?" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

மூன்றாவது முறை குக்கர் இசை என்ற எண்ணத்தையே கைவிட்டார். வயலின்களை எடுத்துவிட்டு, பாப்பாக்களின் விளையாட்டுப் பியானோ சத்தத்தைப் போட்டார். புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் காலிங்பெல். ட்ரம்பெட்டுக்குப் பதில் கார் ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துகிற சத்தம். பெரிய முரசுக்கு வீட்டுச் சமையலறையில் போய் ஒரு மூடியைக் கீழே போட்டுப் பதிவு செய்துகொண்டு வந்தார். இதைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல ஒருவன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும்.

ஓடவிட்டார். மாமனார் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க இது?"

"ரயிலைத் தவறவிடுற சீன்!"

"இதை அனுப்பப் போறீங்களா?"

"அனுப்பிட்டேன். இப்ப என்ன சொல்றான்னு பாக்குறேன்!"

மனைவி மெத்தை நாற்காலியில், போன் விழுகிற இடத்தில், மெதுவாக உட்கார்ந்தாள். "பாவம் அவர்" என்றாள்.

இந்த முறை பதில் வர நேரமானது. குக்கர் கைகளைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் போன் வரவில்லை, செய்திதான் வந்தது. 'புரட்சி சார்! இதுவரை யாரும் யோசிக்காதது. இதையே ஃபைனல் செய்து படத்தோடு சேர்த்தாயிற்று. டைட்டிலில் உங்கள் பெயர் தனியாக, பெரிதாக வருகிறது.'

குக்கர் அதை இரண்டு முறை படித்தார். காலிங்பெல்லும் மூடியும் ஊரெல்லாம் தியேட்டர்களில் ஒலிக்கும். திரையில் அவர் பெயர் பெரிதாக வரும். மனைவியின் ஆர்கெஸ்ட்ராவும் போயிற்று, மானமும் போயிற்று. அவர் 'உஸ்ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, பித்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எங்க போறீங்க? சொல்லுங்க! ஏங்க!" என்று மனைவி வாசல் வரை வந்தாள். அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

தயாரிப்பாளரின் அலுவலகத்தில் மேனேஜர் வழியை மறித்தார். "சார் இல்ல சார். வெளியூர்."

"வெளியூரா?"

குக்கர் உள்ளே பார்த்தார். மேசைக்கு அடியில் இரண்டு காலணிகள் தெரிந்தன. காலணிகளுக்குள் கால்களும் இருந்தன.

"வெளியூர்லேர்ந்து கொஞ்சம் மேல வாங்க சார்" என்றார் குக்கர்.

தயாரிப்பாளர் பேனாவைத் தேடி எடுத்த பாவனையில் எழுந்தார். கையில் பேனா இல்லை. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"உக்காருங்க சார். தண்ணி குடிங்க."

"காலிங்பெல் புரட்சியா சார்?"

"அது... புதுமையா..."

"மூடி விழுறது?"

"அது கொஞ்சம் மனசுல நின்னுச்சு சார்."

குக்கர் மேசையில் ஓங்கிக் குத்தினார். "எனக்குக் காது இருக்கு சார்! உங்களுக்கும் இருக்கு. நான் குப்பையை அனுப்புறேன், நீங்க ஆஹாங்கிறீங்க. சாக்கடையை அனுப்புறேன், நீங்க ஓஹோங்கிறீங்க. எழுபது பேரைக் கூப்பிட்டு ஒரு பாட்டு வாசிக்கவைக்க உங்களுக்கு அப்படி என்ன கை நடுங்குது? அவங்க மனுஷங்க இல்லையா? வருஷம் முழுக்கச் சாதகம் பண்ணிட்டு எவன் கூப்பிடுவான்னு உக்காந்திருக்காங்க சார்! ஒண்ணு, எழுபது பேரும் வாசிக்கணும். இல்ல, என் பேரை எடுங்க, என் இசையை எடுங்க. நான் இந்தப் படத்துல வேலையே பாக்கலன்னு தெருத்தெருவாச் சொல்லுவேன்!"

தயாரிப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. என் நிலைமையைப் புரிஞ்சுக்குங்க. நான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"நானும்தான் சார் ஒருத்திக்கு வாக்குக் குடுத்திருக்கேன்!"

தயாரிப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததைக் குக்கர் கவனித்தார். பயந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டார்.

"சரி சார்" என்றார் தயாரிப்பாளர், ஒரு பெருமூச்சோடு. "எழுபது பேரும் வாசிக்கட்டும். ஹால் ஏற்பாடு பண்றேன். ஆனா அவங்ககிட்ட விஷயத்தை நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். என்னைக் கேட்டா, நிஜமாவே வெளியூர்னு சொல்லிடுங்க."

வெளியே வந்தபோது குக்கருக்குக் கால் தரையில் பாவவில்லை. கோபம் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் என்னவோ இதமாக ஊறியது. அது சந்தோஷம் என்று அவருக்குப் புரியவே இரண்டு தெரு ஆயிற்று. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பிற்பகலில் ஒத்திகை பார்க்கும் ஹால் பக்கத்தில்தான் இருந்தது. நேராக அங்கே போனார். மனைவியின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். அதற்காகத்தானே இவ்வளவும்.

ஹாலில் எழுபது பேரும் இருந்தார்கள். மூன்றாம் வரிசையில் மனைவி அப்போதுதான் வந்து, மூச்சு வாங்க, பக்கத்தில் இருந்தவளிடம் எதையோ அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குக்கரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆர்கெஸ்ட்ராவைக் கையசைத்து நடத்தும் கண்டக்டர் நிற்கிற மேடையில் குக்கர் ஏறினார். கைகளை விரித்தார்.

"ஜெயிச்சுட்டோம்! அந்த ஆளை ஒருவழி பண்ணிட்டேன். டெமோ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. கடைசி சீன் முழுக்க நீங்கதான் வாசிக்கப் போறீங்க. நான் எழுதினது எழுதினபடி, ஒரு ஸ்வரம் குறையாம!"

யாரும் கைதட்டவில்லை. வயலின் வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். ட்ரம்பெட்காரர் தன் கருவியை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். மனைவி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன, சந்தோஷத்துல பேச்சு வரலையா?" என்றார் குக்கர்.

எல்லாரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கிருந்த ஹார்ன்காரர், ஹாலிலேயே பெரிய உடம்புக்காரர், வேறு வழியில்லாமல் எழுந்து நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"நான் எப்பய்யா கோவப்பட்டேன்?" என்று கத்தினார் குக்கர்.

"கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்காது, கை வலிக்காது, அதை நெனச்சே எழுதிட்டீங்க சார், மனுஷன் வாசிச்சா செத்துடுவான்னுதான், 'டெமோவே போதும்னு சொல்லி எங்களக் காப்பாத்துங்க'ன்னு தயாரிப்பாளர்கிட்ட கெஞ்சி வாக்கு வாங்கிட்டு வர, நாங்க எல்லாரும் சேந்து உங்க சம்சாரத்தை அனுப்பிவெச்சோம்."